யாருடைய வாழ்நாள் குறுகியது?



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாகப் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது படித்தால் போதும்.

நம் வாட்ஸ்அப் குழுவில் இப்போதெல்லாம் மரணச் செய்தி அடிக்கடி வருகிறது. என் வயதுக்காரர்கள் போவது இயற்கை. உங்களில் நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரர்கள் போவதுதான் மனதைப் பிசைகிறது. செய்தி வந்ததும் எல்லாரும் கைகூப்பிய படம் போடுகிறீர்கள். "வாழ்க்கை ஒரு நீர்க்குமிழி" என்று ஒருவர் எழுதுகிறார். "ஆமாம், எதுவும் நிரந்தரமில்லை" என்று இன்னொருவர். மறுநாள் காலையில் வழக்கம்போல ரோஜாப்பூ படம், காலை வணக்கம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. துக்கத்தில் பேச்சு வராதபோது பழகிய வார்த்தைதான் கைகொடுக்கும். ஆனால் "வாழ்க்கை சிறியது" என்று நாம் இத்தனை முறை சொல்கிறோமே, அதைச் சொன்ன பிறகு நம் செவ்வாய்க்கிழமையில் ஏதாவது மாறுகிறதா? அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத நினைத்தேன்.

நான் பார்த்தவரையில் இந்த வார்த்தையிலிருந்து மனிதர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து போகிறார்கள். ஒரு கூட்டம், "வாழ்க்கை சிறியது, அதனால் அனுபவித்துவிட வேண்டும்" என்கிறது. இன்னொரு கூட்டம், "வாழ்க்கை சிறியது, அதனால் பயப்பட வேண்டும்" என்கிறது. சபைகளில் இரண்டாவதைத்தான் அதிகம் கேட்கிறோம். வீடு முழுக்க வசன காலண்டர், உபவாசக் கூட்டம், முழு இரவு ஜெபம். அவை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என் வீட்டுச் சுவரிலும் வசன காலண்டர்தான் தொங்குகிறது. ஆனால் அனுபவி என்கிறவரும் பயப்படு என்கிறவரும் ஒரே ஆளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் வாழ்நாள். என் ஆத்துமா. என் நாட்கள் தீர்ந்துபோகின்றனவே என்கிற கவலை.

எனக்கு இந்த வயதில் தோன்றுவது வேறு. வாழ்நாள் குறுகியது என்றால், யாருடைய வாழ்நாள்? அதை முதலில் கேட்க வேண்டும். கிறிஸ்தவ வாழ்க்கையின் நோக்கம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

இதற்கு நான் தூரதேசத்து உதாரணம் தேடப்போவதில்லை. நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டிவனம்.

சென்னைக்குப் போகும்போதும் வரும்போதும் திண்டிவனம் பைபாஸில் எத்தனை முறை போயிருப்பீர்கள்! அந்த ஊரில் நடந்த ஒரு ராத்திரிதான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு விதை என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். நம் பக்கத்தில் பெரிய வியாதி என்றால் வேலூருக்குப் பஸ் ஏறுகிற குடும்பங்கள் எத்தனையோ. அந்த வழி திண்டிவனத்திலிருந்துதான் தொடங்கியது.

ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா காலத்திலிருந்து மருத்துவ ஊழியம் செய்துவந்த அமெரிக்கக் குடும்பம். அப்பா டாக்டர் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் பணி செய்தார். ஐடாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அமெரிக்காவில் படித்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால் உதவிக்காக 1890-இல் இங்கே வந்தார். கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பிப் போய் அங்கேயே வாழ வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம்.

அப்படி இருந்தபோது ஓர் இரவு மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவர் வேறொரு உயர்சாதிக் குடும்பத்தவர். மூன்று பேர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை, ஆபத்தான நிலை. ஐடா, "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவர் வருவார்" என்றார். மூன்று பேருமே வேண்டாம் என்றார்கள். ஆண் டாக்டர் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொட அன்றைய வழக்கம் இடம் தரவில்லை. மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். காலையில் செய்தி வந்தது. மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்.

இந்தச் சம்பவத்தைச் சபையில் பல முறை கேட்டிருப்பீர்கள். அதை ஐடாவின் அழைப்பு என்று சொல்வார்கள். கடவுள் ஒரு இளம்பெண்ணை எப்படி அழைத்தார் என்று பிரசங்கம் செய்வார்கள். அது சரிதான். ஆனால் ஒரு பெண்ணாக இதைக் கேட்கும்போது என் மனது வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. அந்த மூன்று பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களுக்கு என்ன வயதோ. அந்தக் காலத்துக் கல்யாண வயதை நினைத்தால், இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதாகக்கூட இருக்கலாம். நாம் அழைப்பு என்று கொண்டாடுகிற அந்த இரவு, மூன்று வீடுகளில் சாவு விழுந்த இரவு.

அவர்களுடைய வாழ்நாள் ஏன் குறுகியது? "மனித வாழ்க்கையே அப்படித்தான், புல்லைப்போல வாடிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியுமா? அவர்களுக்கு வேண்டியிருந்தது பிரசவம் பார்க்கப் படித்த ஒரு பெண்ணின் கை. பக்கத்திலே அது இல்லை. பெண்ணைப் படிக்க வைக்காத சமூகம், பெண்ணை ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்றும் சொன்னது. அந்த இரண்டுக்கும் நடுவிலே அந்த மூன்று உயிர்களும் நசுங்கிப்போயின.

இங்கேதான் நான் சொல்ல வருவது இருக்கிறது. வாழ்நாள் எல்லாருக்கும் ஒரே மாதிரி குறுகியதல்ல. சிலருக்குக் காலம் முடிந்து முடிகிறது. சிலருக்கு நாம் இல்லாததால் முடிகிறது. 90-ஆம் சங்கீதம் மனிதனுடைய ஆயுசை எழுபது, பலம் இருந்தால் எண்பது என்று கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குக்குக்கூட வந்து சேராமல் வழியிலேயே நின்றுபோகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பார்ப்பதுதான் நாட்களை எண்ணப் பழகுவது என்று நான் நினைக்கிறேன். என் நாட்களை மட்டும் எண்ணினால் பயம்தான் மிஞ்சும். பக்கத்து வீட்டுக்காரரின் நாட்களையும் சேர்த்து எண்ணினால் செய்ய வேண்டிய வேலை கண்ணுக்குத் தெரியும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். அறிவியல் டீச்சரிடம் கணக்கு இல்லாமல் இருக்குமா? 2018-20 காலத்துக்கான அரசாங்கப் புள்ளிவிவரப்படி, உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு, இந்தியாவில் பிரசவத்தை ஒட்டி இறக்கும் தாய்மார்கள் 97 பேர். தமிழ்நாட்டில் 54. இந்த 54-உம் பூஜ்யமாக வேண்டியதுதான். ஆனால் ஒரே இரவில், ஒரே ஊரில், மூன்று பேர் என்கிற இடத்திலிருந்து நாம் எங்கே வந்திருக்கிறோம் பாருங்கள். இது தானாக நடக்கவில்லை. யார் யாரோ தங்கள் நாட்களைக் கொடுத்ததால் நடந்தது. கிராம செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், ராத்திரி இரண்டு மணிக்கு 108 ஓட்டுகிற தம்பி. இவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. யாரோ ஒருவரின் ஆயுசை நீட்டிக்கொடுத்தவர்கள் இவர்கள்.

சரி, அந்த இரவுக்குப் பிறகு ஐடா என்ன செய்தார்? இதையும் நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். மறுநாள் காலையில் அவர் மருத்துவமனை கட்டிவிடவில்லை. அமெரிக்காவுக்குப் போனார். மருத்துவம் படித்தார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அங்கே மருத்துவம் படித்து முடித்த முதல் பெண்கள் வகுப்பில் அவரும் ஒருவர். 1900-இல் திரும்பி வந்து வேலூரில் ஒரு சிறிய அறையில் வைத்தியம் தொடங்கினார். அந்த இரவுக்கும் இந்த அறைக்கும் நடுவில் எத்தனை வருடங்கள்! அந்த வருடங்களில் பெரும்பாலான நாட்கள் எப்படி இருந்திருக்கும்? எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்வது, தேர்வு எழுதுவது, திரும்ப எழுதிப் பார்ப்பது. ஒரு சாதாரண மாணவியின் நாட்கள்தான். அவையும் நோக்கமுள்ள நாட்களே.

இதை உங்களில் படித்துக்கொண்டிருக்கிற பேரப்பிள்ளைகள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். "வாழ்க்கை சிறியது" என்பதற்கு, எல்லாவற்றையும் இன்றைக்கே அவசரமாகச் செய்து முடி என்று அர்த்தமில்லை. இன்றைக்குரியதை இன்றைக்குச் செய் என்று அர்த்தம். ஒருவருக்கு அது கதவைத் திறப்பது. இன்னொருவருக்குப் பாடப்புத்தகத்தைத் திறப்பது.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த மூன்று பேரின் சாவுக்கு ஐடா காரணமல்ல. அவருக்கு வைத்தியம் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். குற்ற உணர்ச்சியில் தன்னை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவருக்கும் பயனில்லை, யாருக்கும் பயனில்லை. "அடுத்த முறை தட்டும்போது என்னிடம் பதில் இருக்க வேண்டும்" என்பதுபோல அவருடைய வாழ்க்கை அமைந்தது. அந்த வித்தியாசம் பெரியது. பயத்திலிருந்தும் குற்ற உணர்ச்சியிலிருந்தும் வருகிற பக்தி கொஞ்ச நாளில் களைத்துவிடும்.

அப்பாவுடன் சேர்ந்து பணி செய்யலாம், அவரிடம் அனுபவம் கற்கலாம் என்று வந்தவருக்கு, வந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துபோனார். திட்டம் சரிந்தது. வேலை நிற்கவில்லை. 1902-இல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. வெளியே வர முடியாதவர்களைத் தேடிக் குடியாத்தம் சாலையில் மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். 1909-இல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி. 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி.

ஒரு ஆசிரியையாக எனக்கு இந்த 1918-தான் மிகவும் பிடித்த வருடம். ஒரு டாக்டர் எத்தனை கதவுக்குப் போக முடியும்? ஒரு நாளைக்கு இருபது? முப்பது? எத்தனை வருடம்? தன் ஆயுசுக்கும் ஒரு எல்லை உண்டு என்பதை ஒத்துக்கொண்ட மனிதர்தான் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பார். நானே எல்லாம் செய்வேன் என்கிறவருக்கு மரணம் ஞாபகத்தில் இல்லை. தெரிந்ததை யாருக்காவது சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறவருக்குத்தான் அது ஞாபகத்தில் இருக்கிறது. ஐடா 1960-இல் கொடைக்கானலில், 89 வயதில் இறந்தார். அவருடைய வேலை அன்றைக்கு முடியவில்லை.

"டீச்சர், அவருக்கு 89 வயது கிடைத்தது. எல்லாருக்கும் கிடைக்குமா?" என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிள்ளையை இளவயதில் பறிகொடுத்த பெற்றோர் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். உங்களுக்காக இன்னொருவரைச் சொல்கிறேன்.

நாமக்கல் பக்கம் கொல்லிமலை இருக்கிறதல்லவா, அங்கே ஜெஸ்ஸி பிராண்ட் என்று ஒரு ஆங்கிலேயர் மலைவாழ் மக்களுக்கு வைத்தியமும் கல்வியும் கொடுத்துவந்தார். 1929-இல் கடும் காய்ச்சலில் இறந்தார். வயது 44. மகன் பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். பாதியில் அறுந்த வாழ்க்கை என்றுதான் அன்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அந்த மகன்தான் பின்னாளில் டாக்டர் பால் பிராண்டாக வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். மனைவி ஈவ்லின், ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மறுபடியும் மலைக்கே போனார். 1974-இல் 95 வயதில் இறக்கும்வரை அந்த மக்களோடு இருந்தார். ஒரே வீட்டில் ஒருவருக்கு 44, இன்னொருவருக்கு 95. எத்தனை வருடம் என்பது நம் கையில் இல்லை. 44-ஐ வீண் என்று சொல்ல யாருக்கும் அதிகாரமும் இல்லை.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர். 1954-இல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது. இளம் டாக்டர். எல்லாம் முடிந்தது என்று சொல்லக் காரணம் இருந்தது. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு தன்னைப்போலவே முடங்கியவர்களுக்கான மறுவாழ்வு சிகிச்சைத் துறையை அங்கே உருவாக்கினார். 1972-இல் பத்மஸ்ரீ. முழங்கால் வலிக்கிறது, இனி என்னால் என்ன ஆகும் என்று சொல்கிற என் வயது அண்ணன்மார், அக்காமார் இவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். என் முழங்காலுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

"டீச்சர், நாங்கள் டாக்டரா? ஆளுக்கொரு ஆஸ்பத்திரி கட்ட முடியுமா?" வேண்டாம். கதவு தட்டப்படும்போது எழுந்து போனால் போதும். இன்றைக்குத் தட்டுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

நம் பக்கத்திலேயே நான்குவழிச் சாலை. விபத்து நடக்காத வாரம் இல்லை. வண்டியை நிறுத்தினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டுமோ என்ற பயத்தில்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றமும், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் உதவி செய்கிறவருக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டன. உங்கள் பெயரைச் சொல்லும்படிகூடக் கட்டாயப்படுத்தக் கூடாது. சட்டமே அவருக்கு வைத்திருக்கிற பெயர் 'நல்ல சமாரியன்'. இயேசு சொன்ன கதையிலிருந்து எடுத்த பெயர்! முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தரும் அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021-இல் நம் மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. சட்டமும் இருக்கிறது, திட்டமும் இருக்கிறது. வண்டியை நிறுத்துகிற கால்தான் வேண்டும்.

ரத்ததானம். 18 வயதிலிருந்து 65 வயதுவரைதான் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. என்னிடம் இனி வாங்கமாட்டார்கள், அந்தக் கதவு எனக்கு மூடிவிட்டது. உங்களில் பலருக்கு இன்னும் திறந்திருக்கிறது. வாழ்க்கை சிறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், "செட்டில் ஆன பிறகு பார்க்கலாம்" என்கிற பேச்சு. வீட்டு லோன் முடியட்டும், பிள்ளை காலேஜ் முடிக்கட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும், ரிடையர் ஆகட்டும். பொறுப்புகளைக் கைவிடச் சொல்லவில்லை. குடும்பத்தைக் காப்பதும் ஊழியம்தான். ஆனால் ரிடையர் ஆன எங்களைக் கேளுங்கள். நேரம் அதிகமாகக் கிடைக்கிறது, தெம்பு குறைந்துபோகிறது. இஎம்ஐ கட்டுகிற காலத்திலேயே மாதம் ஒரு மணி நேரம் யாருக்காவது என்று ஒதுக்கிப் பழகியவர்தான் பிறகும் ஒதுக்குவார்.

சபையில் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. "நித்தியத்தைப் பற்றிப் பேசாமல் ஆஸ்பத்திரி, ரத்தம் என்று பேசுகிறீர்களே" என்று. நித்தியத்தை நம்புவதால்தான் பேசுகிறேன். இதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர் தன் நாட்களைப் பிடித்து வைத்துக்கொள்வதில் ஓர் அர்த்தமாவது இருக்கிறது. முடியவில்லை என்று நம்புகிற நாம் ஏன் இறுக்கிப் பிடிக்க வேண்டும்? தாராளமாகச் செலவழிக்கலாமே! மத்தேயு சுவிசேஷம் 25-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கடைசி நாளில் கேட்கப்படும் கேள்விகள் பசி, தாகம், உடை, நோய், சிறை பற்றியவை. எத்தனை கூட்டத்துக்குப் போனாய் என்ற கேள்வி அங்கே இல்லை.

இந்தக் குழுவில் பாதிப்பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள் அல்ல என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த விளக்கிலிருந்து நான் வெளிச்சம் காட்டுகிறேன், அவ்வளவுதான். திண்டிவனத்தில் கதவைத் தட்டிய மூன்று பேரும் வேறு வேறு சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அந்தப் பெண்களின் வலி ஒன்றாகத்தான் இருந்திருக்கும். உங்கள் நம்பிக்கையிலும் இதற்கு ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டுப்பாடம். டீச்சர் என்றால் அது இல்லாமலா?

ஒன்று. இன்றைக்கு ஒரு பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். உங்களால் ஒரு நாளாவது நல்லபடியாக நீளக்கூடிய ஒருவரின் பெயர். தனியாக இருக்கிற சித்தியாக இருக்கலாம், பரீட்சையில் தோற்று அறையைவிட்டு வெளியே வராத பையனாக இருக்கலாம். ராத்திரி படுப்பதற்குள் அவரிடம் பேசிவிடுங்கள்.

இரண்டு. உங்களுக்குத் தெரிந்த தொழிலில் ஒன்றை, உங்களைவிடச் சின்னவர் ஒருவருக்கு இந்த வருடத்துக்குள் முழுசாகக் கற்றுக்கொடுங்கள். வெல்டிங்கோ, ஊசி போடுவதோ, கணக்கு எழுதுவதோ, எதுவானாலும்.

மூன்று. ராத்திரி போன் அடித்தால், எடுங்கள்.

கர்த்தர் உங்கள் எல்லாரையும், உங்கள் பிள்ளைகளையும் நலமாக வைத்திருப்பாராக.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பிரம்மதேசம்.